கமலாவின் வாப்பாவுக்குத் தெரியுமா?

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த சாச்சா, தன் மகனுக்கு யாரோ பாவித்த ஒரு பிளேஸ்டேஷன் 4 கொண்டுவந்தார். அதனோடு நாலைந்து விளையாட்டு டிஸ்க்குகளும் வந்தன. அவற்றுள் ஒன்று ‘மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்’. பதினான்கு வயதான தம்பி அதை ஒரு நாள் மட்டும் விளையாடிவிட்டு ஒதுக்கி வைத்துவிட்டான். காரணம் கேட்டேன். “அயன் மேன், ஹல்க் எல்லாம் கொஞ்ச நேரந்தான் ராத்தா. அதுக்குப் பொறகு ஒரு பொம்புளப் புள்ளைய வச்சித்தான் வெளையாடணும்” என்றான். அப்படியென்றால் அது எனக்கு ஏற்றதுதான் என்று நினைத்து கொன்ட்ரோலரை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் ‘பொம்புளப் புள்ள’யின் பெயர் கமலா கான். அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஆறு பின்னேரங்களில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் அவளோடு ஓடியிருக்கிறேன். கதை இன்னும் முடியவில்லை. ஆயினும் இந்த முதல் மணித்தியாலங்கள் என்னுள் எழுப்பிய ஒரு கேள்வியைச் சகோதரிகளோடும், இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில தகவல்கள். ‘டூம் ரைடர்’ விளையாட்டுகளால் அறியப்பட்ட கிறிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. ஜப்பானின் ஸ்குவயர் எனிக்ஸ் 2020 செப்டம்பர் 4 இல் வெளியிட்டது. கப்டன் அமெரிக்கா, அயன் மேன், தோர், ஹல்க், பிளக் விடோ ஆகிய ஐவரும் திரைப்படங்கள் மூலம் எமது ஊர்ச் சிறுவர்கள் வரை தெரிந்தவர்கள். ஆனால் கதையின் நடுவில் இந்த ஐவரில் ஒருவரை வைக்காமல், உலகம் அதிகம் அறியாத ஒரு முஸ்லிம் பெண்பிள்ளையை வைத்தார்கள். பெரும் பணம் செலவிட்டுச் செய்யப்பட்ட ஒரு விளையாட்டில் இது சிறிய துணிச்சல் அல்ல.

ஆரம்பக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. சன் பிரான்சிஸ்கோ நகரில் அவெஞ்சர்ஸ் வீரர்களைக் கொண்டாடும் ஒரு பெருவிழா. சிறுமியான கமலா தன் வாப்பாவோடு வருகிறாள். அவரை ‘அபு’ என்று கூப்பிடுகிறாள். அவள் வெறுமனே வேடிக்கை பார்க்க வரவில்லை. வீரர்களைப் பற்றிக் கதை எழுதும் போட்டியில் இறுதிச் சுற்றுக்குத் தெரிவானதால் வந்திருக்கிறாள். முஷ்டி மடக்குவதற்கு முன்னர் அவள் பேனா பிடித்தவள்! இலக்கியச் சஞ்சிகைக்கு எழுதும் ஒருத்தி இதைப் பார்த்துச் சந்தோசப்படாமல் இருக்க முடியுமா? அந்த முதல் நிமிடங்களில் நாம் யாரையும் அடிப்பதில்லை. கூட்டத்துக்குள் நடக்கிறோம், சித்திரக்கதைப் புத்தகங்களைத் தேடிச் சேர்க்கிறோம், பெரிய வீரர்களைக் கண்டு வாயடைத்து நிற்கிறோம். அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

பின்னர் தாக்குதல் நடக்கிறது. பாலம் உடைகிறது. ஒரு வெடிப்பினால் நகரமெங்கும் விசித்திரமான புகை பரவுகிறது. அதைச் சுவாசித்த சிலருக்கு விபரீத ஆற்றல்கள் வருகின்றன. கமலாவும் அவர்களுள் ஒருத்தி. பழி அவெஞ்சர்ஸ் மீது விழ, அவர்கள் கலைந்து போகிறார்கள். ஐந்து வருடங்களின் பின் நடந்ததில் ஏதோ சூது இருக்கிறது என்பதற்குக் கமலா ஆதாரம் கண்டுபிடிக்கிறாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். இங்கேதான் விளையாட்டு உண்மையில் தொடங்குகிறது.

விளையாடும் அனுபவம் எப்படி? கமலாவின் கைகால்கள் இறப்பர் போல நீளும், முஷ்டி பானையளவு வீங்கும். நீண்ட கையால் ஓர் இடுக்கைப் பற்றிப் பிடித்து ஊஞ்சல் போல மறுபக்கம் பாயலாம். முதலில் பலமுறை விழுந்தேன். பழகிய பின்னர் அது பெரும் மகிழ்ச்சி. அவளுடைய இன்னோர் ஆற்றல் கூட்டாளிகளின் காயத்தை ஆற்றுவது. அடிக்கத் தெரிந்தவள் ஆற்றவும் தெரிந்தவளாக இருப்பது எனக்குப் பிடித்தது. அவள் பயப்படுகிறாள் என்பதும் பிடித்தது. பாழடைந்த கப்பலுக்குள் ஹல்க் அவளைத் துரத்தும்போது அவள் வீரவசனம் பேசுவதில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். நானும் கொன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தபடி ஓடினேன்.

குறைகளும் உண்டு. கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிடும். அதே மாதிரியான ஆய்வுகூடம், அதே மாதிரியான இயந்திர மனிதர்கள், மீண்டும் மீண்டும் அதே உடைப்பு. ஒவ்வொரு சண்டையிலும் புதிய கருவிகள் கிடைக்கும். எந்தக் கருவிக்கு எண் கூட என்று பார்த்து மாட்டுவதிலேயே நேரம் கரையும். கதையை ஆறுதலாகச் சொல்லத் தெரிந்தவர்கள், எங்களை நீண்ட காலம் கட்டிப்போட வேண்டும் என்ற ஆசையில் கதையைச் சுற்றி ஒரு கடையையும் கட்டியிருக்கிறார்கள்.

கடை என்று நான் உவமைக்குச் சொல்லவில்லை. விளையாட்டுக்குள்ளேயே உண்மையான பணத்துக்கு வீரர்களின் உடுப்புகள் விற்கப்பட்டன. அழகுக்கான பொருட்களை மட்டுமே விற்போம் என்று சொல்லியிருந்தவர்கள், 2021 ஒக்டோபரில் விரைவாக முன்னேற உதவும் ஊக்கிகளையும் விற்கத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர் கொதித்தெழ அடுத்த மாதமே அவற்றை நீக்கினார்கள். எதிர்பார்த்த இலாபம் வரவில்லை. 2023 செப்டம்பர் 30 உடன் இணையக் கடைகளில் விளையாட்டின் விற்பனையும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர், காசுக்கு விற்ற உடுப்புகளையெல்லாம் இலவசமாகவே திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசி விளையாட்டுகளில் காசு கட்டும் இக்காலத்தில் பெற்றோர் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். ஒரு வருடம் ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிய உடுப்பு, மற்றொரு வருடம் எல்லாருக்கும் சும்மா கிடைத்தது.

கதையில் இன்னொரு விடயம் என்னை உலுக்கியது. அந்த வெடிப்புக்குப் பின்னர் ஆற்றல் பெற்றவர்கள் எல்லாரும் நோயாளிகளாகவும் ஆபத்தானவர்களாகவும் பார்க்கப்படுகிறார்கள். கமலா தன் கையை ஒளித்து நடக்கிறாள். 2019 ஏப்ரலில் நான் சிறுமி. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் கேட்ட சத்தத்தை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அதன் பின்னர் பாடசாலைக்குப் போன நாட்களில் எங்கள் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டன. எங்கள் பெயரும் உடுப்பும் பேச்சுக்குப் பொருளாகின. ஆகவே கை ஒளிக்கும் கமலாவை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஆனால் எங்கள் கதை இந்த விளையாட்டைப் போல இலகுவானதல்ல. அங்கே குற்றவாளி வேறு யாரோ. பழி சுமந்தவர்கள் முற்றிலும் அப்பாவிகள். இங்கே குண்டு வைத்தவர்கள் எங்கள் பெயர்களையே தாங்கியிருந்தார்கள். அந்தக் கசப்பை விழுங்கியபடிதான் நாங்கள் நாங்களாக வாழ வேண்டியிருந்தது. அதேவேளை, சாய்ந்தமருதில் அந்த வீட்டைச் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் மக்களே. அவர்களுக்கு நீளும் கையும் இல்லை, முகமூடியும் இல்லை. இப்படியொரு சிக்கலைச் சொல்லும் விளையாட்டை நான் இன்னும் காணவில்லை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொல்வதானால், இந்த ஆறு பின்னேரங்களும் நான் உம்மாவிடம் சொன்னது “சாச்சி வீட்டுக்குப் படிக்கப் போறன்” என்பதுதான். உயர்தரப் பரீட்சை நெருங்கும் நேரம். கேம் விளையாடப் போகிறேன் என்றால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆறாம் நாள் மக்ரிபுக்குப் பின்னர் என்னைக் கூட்டிப் போக வாப்பா வந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். திரையில் கமலா கூரைக்குக் கூரை பாய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒரு கட்டத்தைத் திரும்ப விளையாடிக்கொண்டிருந்தேன்.

அவர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆரு மகள் இது?”

“கமலா, வாப்பா.”

“தமிழாக்கள்ட புள்ளையா?”

“இல்ல வாப்பா, முஸ்லிம். அறபுச் சொல்லு, கமால்.”

கல்முனையில் யாருக்கும் முதலில் வரக்கூடிய சந்தேகம்தான் அது. தாமரையையும் முழுமையையும் ஒரே எழுத்துகளில் எழுதலாம் என்பதில் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் துணிந்து ஆரம்பக் காட்சியையும் போட்டுக் காட்டினேன். விழாவில் அபுவோடு வந்த சிறுமியைப் பார்த்தார். பாலம் உடைந்து சனம் ஓடுவதையும், தோர் பறந்து வருவதையும் பார்த்தார். “கடல் வந்த அண்டைக்கு எங்களுக்கு இப்பிடி ஒருத்தனும் பறந்து வரல்ல. பக்கத்து வீட்டுக்காரன்தான் கையப் புடிச்சி இழுத்தான்” என்றார். 2004 டிசம்பர் 26 பற்றி அவர் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. இந்நாட்டில் சுனாமியால் ஆகக் கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். வாப்பா சொன்ன அந்த ஒரு வரிக்கு அப்பால் நானும் கேட்கவில்லை.

பின்னர் கமலா பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறியதைச் சொன்னேன். அப்போதுதான் அவர் கேட்டார்: “இந்தப் புள்ள போறது வாப்பாக்குத் தெரியுமா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கமலாவைப் பற்றித்தான் கேட்டாரா, என்னைப் பற்றிக் கேட்டாரா என்றும் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே என்னோடு வந்தது. விழாவுக்கு மகளின் கைபிடித்து வந்த அந்த மனிதர், அவள் வீராங்கனை ஆகத் தொடங்கியதும் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார். உம்மா, வீடு, சாப்பாட்டு மேசை, தொழுகை எல்லாமே பின்னால் போய்விடுகின்றன. கமலா முஸ்லிம் என்பது அவள் பெயரிலும் ‘அபு’ என்ற அழைப்பிலும் எஞ்சுகிறது. மற்றப்படி அவள் ஆய்வுகூடம் உடைக்கும் இன்னொரு முஷ்டி. ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை உலகத்துக்கு உதவ வேண்டுமானால் முதலில் வாப்பாவுக்குத் தெரியாமல் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஏன் நினைத்தார்கள்?

கமலாவின் மூலக் கதை இப்படியல்ல. அவளை 2013 இல் அறிமுகப்படுத்தியவர்களுள் முக்கியமானவர் சனா அமானத். நியூஜேர்சியில் வளர்ந்த பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண், அப்போது மார்வெல் நிறுவனத்தின் பதிப்பாசிரியையாக இருந்தவர். கதையை எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய ஜி. வில்லோ வில்சன். படங்களை வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. 2014 இல் தனித் தொடராக வெளிவந்தது. அதன் முதல் தொகுதி 2015 இல் ஹியூகோ விருது பெற்றது. அந்தச் சித்திரக்கதையிலும் கமலா பொய்யோடுதான் தொடங்குகிறாள். அனுமதி கிடைக்காத ஒரு விருந்துக்கு இரவில் ஒளித்துப் போகிறாள். ஆனால் திரும்பி வருகிறாள். உம்மாவிடம் ஏச்சு வாங்குகிறாள். அவளுடைய பெயர் முழுமையைக் குறிப்பது, நீ வேறொருத்தியாக மாறத் தேவையில்லை என்று வாப்பா அவளுக்கு உணர்த்துகிறார். பள்ளிவாசல் ஷேக்கிடம் அனுப்பப்படும்போது அவர் திட்டுவார் என்று எதிர்பார்க்கிறாள். அவரோ, உதவி செய்யத்தான் போகிறாய் என்றால் உனக்கொரு ஆசிரியரைத் தேடிக்கொள் என்கிறார். 2022 இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் அவளுடைய வீராங்கனை உடுப்பைத் தைத்துக் கொடுப்பவரே அவளது உம்மாதான். அங்கே வீடு அவளைத் தடுக்கும் இடமாக மட்டும் இல்லை. அவள் பலம் பெறும் இடமாகவும் இருக்கிறது.

பாகிஸ்தானில் 2013 இல் ஒளிபரப்பான ‘பர்கா அவெஞ்சர்’ கார்ட்டூனையும் இங்கே நினைக்கலாம். அதன் நாயகி ஜியா ஓர் ஆசிரியை. பெண்பிள்ளைகளின் பாடசாலையை மூட வருபவர்களோடு போராடுகிறாள். அவளுடைய ஆயுதங்கள் புத்தகமும் பேனாவும். அவளுக்கு அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் அவளை எடுத்து வளர்த்த வாப்பாதான். பகலில் முகம் மூடாத ஜியா, சண்டைக்கு மட்டும் பர்தா அணிவது சரியா என்ற விவாதம் அந்நாட்டில் எழுந்தது. அது வேறு. தந்தை அறியாமல் அவள் வீராங்கனை ஆகவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

எங்கள் ஊர்களின் வழக்கத்தைப் பாருங்கள். இக்கரையோர ஊர்களில் வீடு மகளுக்கே உரியது. மகள் பிறந்த நாளிலிருந்தே அவளுக்கொரு வீடு கட்ட வேண்டும் என்ற கவலை வாப்பாவுக்குத் தொடங்குகிறது. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நிற்கும் எத்தனையோ வாப்பாமார் ஒரு கல்லாக, ஒரு தூணாக அந்த வீட்டைத்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறார். நாங்கள் வெளியே போவதில்லை. இந்தச் சீதன வழக்கம் வாப்பாமாரின் முதுகை முறிக்கிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விடயம். நான் இங்கு கேட்பது இதைத்தான்: எங்களுக்காகவே கட்டப்படும் வீட்டில், எங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பயமின்றிச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா?

தம்பி மணிக்கணக்கில் விளையாடுவது எல்லாருக்கும் தெரியும். “போதும், நிப்பாட்டு” என்ற ஓர் அதட்டலோடு அது முடிந்துவிடும். அதே விளையாட்டுக்காக நான் பொய் சொன்னேன். பொய் சொன்னது என் பிழை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரே திரை ஆண்பிள்ளைக்கு விளையாட்டாகவும் பெண்பிள்ளைக்கு வெட்கமாகவும் இருப்பது நியாயமா? ஒளித்துப் பார்க்கும் பிள்ளைக்கு எது நல்லது, எது கெட்டது என்று சொல்லிக்கொடுக்க யாரும் பக்கத்தில் இல்லை. விளையாட்டுக்குள் இருக்கும் கடையைவிட, அந்தத் தனிமைதான் எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது.

சிலர் கேட்பார்கள்: கமலா தலை மூடவில்லையே, அவள் எப்படி எங்களுக்கு முன்மாதிரி? அவள் முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. மூலக் கதையில் அவளுடைய தோழி நக்கியா ஹிஜாப் அணிகிறாள், அதுவும் தன் சொந்த விருப்பத்தில். இருவரும் தோழிகளாகவே இருக்கிறார்கள். எங்களுக்கு முன்மாதிரி யார் என்பதை எங்கள் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. ஒரு சித்திரக்கதைப் பெண்ணிடம் அதை எதிர்பார்க்கத் தேவையில்லை. தோரை இடியின் கடவுள் என்கிறார்களே என்றும் கேட்பார்கள். அது வடதேசத்துப் பழங்கதை என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். இன்னும் சிலர், இதெல்லாம் நேர விரயம் என்பார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு. வாரத்துக்கு ஓரிரு மணித்தியாலம், தொழுகையும் படிப்பும் முடிந்த பின்னர் என்று அளவு வைத்தால் நானும் கையெழுத்திடத் தயார். ஆனால் அந்த அளவு தம்பிக்கும் பொருந்த வேண்டும்.

பெற்றோரே, உங்கள் மகள் என்ன விளையாடுகிறாள், என்ன வாசிக்கிறாள், யாரைப் போல ஆக ஆசைப்படுகிறாள் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தடுப்பதற்கு நியாயம் இருந்தால், பார்த்த பின்னர் தடுங்கள். சகோதரிகளே, நாங்களும் முதலில் சொல்லிப் பார்ப்போம். ஏச்சு விழலாம். ஆனால் சில வேளை கதிரையொன்று இழுபடும் சத்தமும் கேட்கும்.

அன்று இரவு உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ஏச்சு விழத்தான் செய்தது. பரீட்சை முடியும் வரை சாச்சி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் என்று தீர்ப்பாகியது. போன வெள்ளி நான் புறப்படும்போது, ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா கேட்டார்:

“என்ன மகள், அந்தப் புள்ள வீட்ட வந்து சேர்ந்திட்டாவா?”

“இன்னும் இல்ல வாப்பா.”

“சரி, வந்தாச் சொல்லு.”